கிரெடிட் யூனியன் கார்டில் கேஷ்பேக்: சதவீதத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

கேள்வி:

ஐயா, வணக்கம். நாங்கள் டெக்சாஸில், டாலஸ் பக்கம் இர்விங்கில் இருக்கிறோம். கணவர் எச்1பி விசாவில் வேலை பார்க்கிறார். நான் அவரைச் சார்ந்தவருக்கான எச்4 விசாவில் இருக்கிறேன், குழந்தை சிறியவள் என்பதால் வேலைக்குப் போகவில்லை. மாதம் சுமார் 3,000 டாலர் கிரெடிட் கார்டில் செலவாகிறது. இப்போது இருப்பது ஒரு பெரிய வங்கியின் கார்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதில் கேஷ்பேக் வகை மாறும். நாங்கள்தான் நினைவாக ஆக்டிவேட் செய்ய வேண்டும், பாதி நேரம் மறந்துவிடுகிறோம். எல்லாச் செலவுக்கும் ஒரே சதவீதம் தரும் கார்டு போதும் என்று முடிவு செய்துவிட்டோம். கிரெடிட் யூனியன்களில் 2, 2.5 சதவீதம் வரை தருகிறார்கள் என்று கணவரின் நண்பர் சொன்னார். அதெல்லாம் ராணுவக் குடும்பங்களுக்குத்தான் என்கிறார் இன்னொருவர். எங்களைச் சேர்த்துக்கொள்வார்களா? அங்கே போடும் பணம் பத்திரமா? ஊருக்குப் போய் வந்த செலவில் பழைய கார்டில் 3,800 டாலர் பாக்கி நிற்கிறது. 26% வட்டி. மாதா மாதம் புதிதாகச் செலவழிப்பதைக் கட்டிவிட்டு, பாக்கியில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிறோம். கிரெடிட் ஸ்கோர் 740 பக்கம் இருக்கிறது. புதுக் கார்டு வந்ததும் பழையதை மூடிவிடலாமா?

ஒரு வாசகி, இர்விங்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

கேஷ்பேக் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள், 3,800 டாலர் பாக்கியை இரண்டு மூன்று வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். நான் அந்தப் பாக்கியிலிருந்துதான் தொடங்க வேண்டும். அது தீரும்வரை எந்தக் கார்டின் எந்தச் சதவீதமும் உங்களுக்கு லாபம் தராது.

கணக்கைப் பாருங்கள். 26% வட்டியில் 3,800 டாலருக்கு மாதம் 82 டாலர் வட்டி ஏறுகிறது. மாதம் 3,000 டாலர் செலவுக்கு 2% கேஷ்பேக் கிடைத்தாலும் வருவது 60 டாலர். இதோடு முடியவில்லை. பாக்கி முழுவதையும் கட்டாமல் விட்டால், வட்டியில்லாத சலுகைக் காலம் போய்விடும். முழுத்தொகையையும் கட்டுகிறவர்கள் இன்று வாங்கிய மளிகைக்கு அடுத்த மாதக் கெடு வரை வட்டியே கொடுப்பதில்லை. பாக்கி வைத்திருப்பவர்களுக்கு, வாங்கிய நாளிலிருந்தே அந்த மளிகைக்கும் வட்டி ஓடும். நீங்கள் புதுச் செலவைத் தவறாமல் கட்டுகிறீர்கள், சரி. ஆனால் கட்டும் நாள் வரை அந்த 3,000 டாலருக்கும் வட்டி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சராசரியாகப் பதினைந்து, இருபது நாள் ஓடினால்கூட மாதம் 30 முதல் 40 டாலர் வரை போகிறது. உங்கள் ஸ்டேட்மென்டின் கடைசிப் பக்கத்தில் வட்டிக் கணக்கு தனியாக இருக்கும். எடுத்துப் பாருங்கள், தெரியும்.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது முதலில் குறைந்த வட்டி, அப்புறம் கேஷ்பேக். இந்த இரண்டுக்கும் கிரெடிட் யூனியன் பொருத்தமான இடம். அதிலும் முதல் வேலைக்கு இன்னும் பொருத்தம். ஏன் என்று சொல்கிறேன்.

கிரெடிட் யூனியன் என்பது உறுப்பினர்களுக்கே சொந்தமான கூட்டுறவு. நம்மூரில் அரசு ஊழியர்களும் ஆலைத் தொழிலாளர்களும் வைத்திருக்கும் பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தை, 'சொசைட்டியில் லோன் போட்டிருக்கேன்' என்று பெரியவர்கள் சொல்லும் அந்த சொசைட்டியை, நினைத்துக்கொள்ளுங்கள். பங்குச் சந்தையில் உட்கார்ந்திருக்கும் முதலீட்டாளருக்கு லாபம் காட்ட வேண்டிய கட்டாயம் இதற்கு இல்லை. அந்த ஒற்றுமை தற்செயலும் இல்லை. 1907இல் பாஸ்டன் வணிகர் எட்வர்ட் ஃபைலீன் உலகப் பயணம் போனபோது இந்தியாவில் கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைப் பார்த்தார். ஊருக்குத் திரும்பியவர் அந்த யோசனையைக் கையிலெடுத்து, மாசச்சூசெட்ஸ் மாநிலம் 1909இல் கிரெடிட் யூனியன் சட்டம் கொண்டுவரத் துணை நின்றார். அதன்பின் பல ஆண்டுகள் தன் பணத்தையும் நேரத்தையும் இந்த இயக்கத்துக்கே கொடுத்தார். அமெரிக்கக் கிரெடிட் யூனியன்களின் கதையில் இந்திய கிராமத்து விவசாயிகளுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

பணம் பத்திரமா என்று கேட்டீர்கள். வங்கிகளில் போடும் பணத்துக்கு எஃப்டிஐசி என்ற அமைப்பின் காப்பீடு இருப்பதுபோல, கிரெடிட் யூனியன்களுக்கு என்சியுஏ என்ற கூட்டாட்சி அமைப்பின் கீழ் காப்பீடு உண்டு. வரம்பும் அதேதான்: ஒரு நிறுவனத்தில் ஒருவரின் தனிக் கணக்குகளுக்கு 2,50,000 டாலர் வரை. என்சியுஏ காப்பீடு உள்ள சங்கமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். என்சியுஏ இணையதளத்தில் உள்ள தேடல் கருவியில் பெயரைப் போட்டால் அது தெரியும், இர்விங்கைச் சுற்றி எவை இருக்கின்றன என்பதும் வரைபடத்தில் வரும்.

இப்போது வட்டி. கூட்டாட்சிப் பதிவு பெற்ற கிரெடிட் யூனியன்கள் கடன்களுக்கு வாங்கக்கூடிய வட்டிக்குச் சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. சட்டத்தில் எழுதியிருப்பது 15%. ஆனால் 1987 முதல் என்சியுஏ வாரியம் அதை 18% என்று உயர்த்தி, அவ்வப்போது நீட்டித்து வருகிறது. கிரெடிட் கார்டும் இதில் அடக்கம். பெரிய வங்கிக் கார்டுகளுக்கு இப்படி ஒரு கூரை கிடையாது. அதனால்தான் 740 ஸ்கோர் வைத்திருக்கும் உங்களிடமே 26% வாங்குகிறார்கள். நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பான சிஎஃப்பிபி 2024 பிப்ரவரியில் ஓர் ஆய்வு வெளியிட்டது. பெரிய நிறுவனங்களின் கார்டு வட்டி, சிறு வங்கிகள், கிரெடிட் யூனியன்களின் வட்டியைவிட 8 முதல் 10 சதவீதப் புள்ளி வரை அதிகம் என்று அதில் வந்தது. உங்கள் 3,800 டாலர் 26 சதவீதத்தில் ஒரு வருடம் அப்படியே நின்றால் 988 டாலர் வட்டி. 15 சதவீதத்தில் 570 டாலர். இந்த 418 டாலர் வித்தியாசம் சிறிய தொகை இல்லை.

அதனால் உங்கள் முதல் நடவடிக்கை பாக்கியை மாற்றுவது. அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: சேமிப்புக் கணக்கில் அவசரத்துக்கு என்று வைத்திருப்பது போக ஏதாவது இருக்கிறதா? ஊரில் என்ஆர்இ (வெளிநாடுவாழ் இந்தியர்) வைப்பில் 7% வருகிறது, அதைத் தொட மனமில்லை என்று சொல்பவர்கள் நிறைய. 7% வாங்கிக்கொண்டு 26% கொடுப்பது குடும்பத்துக்கு நஷ்டம் என்பதைத் தயவுசெய்து உட்கார்ந்து யோசியுங்கள். அங்கிருந்தோ இங்கிருந்தோ எடுத்து இந்த மாதமே பாக்கியைத் தீர்க்க முடிந்தால் அதுவே நல்லது. அடுத்த இரண்டு பத்திகளை நீங்கள் படிக்கவே வேண்டாம்.

முடியாது என்றால், குறைந்த வட்டியுள்ள ஒரு கிரெடிட் யூனியன் கார்டுக்குப் பாக்கியை மாற்றுங்கள். வங்கிகள் பாக்கி மாற்றத்துக்குப் பொதுவாக 3 முதல் 5% வரை கட்டணம் பிடிப்பார்கள். 3% என்றாலே உங்களுக்கு 114 டாலர். சில கிரெடிட் யூனியன்கள் இந்தக் கட்டணத்தை வாங்குவதே இல்லை. சில மாதங்களுக்கு அறிமுக வட்டியாக 0% அல்லது மிகக் குறைந்த வட்டி தருபவையும் உண்டு. இந்தக் கார்டில் கேஷ்பேக் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சொல்லப்போனால், வட்டி மிகக் குறைவான கார்டுகள் பெரும்பாலும் கேஷ்பேக் தராத, பகட்டில்லாத சாதாரண கார்டுகள்தான்.

ஒரு எச்சரிக்கை. பாக்கியை மாற்றிய கார்டிலேயே மளிகையும் பெட்ரோலும் வாங்காதீர்கள். மாற்றிய தொகை நிற்கும்வரை பல கார்டுகளில் புதுச் செலவுக்குச் சலுகைக் காலம் கிடைக்காது. மறுபடியும் பழைய கதைதான். பாக்கி ஒரு கார்டில், அன்றாடச் செலவு வேறு கார்டில் இருக்கட்டும். அன்றாடச் செலவை மாதா மாதம் முழுசாகக் கட்டுங்கள்.

சரி, கேஷ்பேக்குக்கு வருவோம்.

ராணுவக் குடும்பங்களுக்கு மட்டும்தான் என்று சொன்னவர் நேவி ஃபெடரலை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். நாட்டிலேயே மிகப் பெரிய கிரெடிட் யூனியன் அது. அதில் சேர ராணுவத்திலோ பாதுகாப்புத் துறையிலோ தொடர்போ, அப்படிப்பட்ட குடும்ப உறுப்பினரோ வேண்டும். நல்ல கார்டுகள் வைத்திருக்கிறார்கள், உங்களுக்கு வழியில்லை. விட்டுவிடுங்கள். மற்றவற்றின் கதை வேறு. ஒவ்வொரு சங்கத்துக்கும் உறுப்பினர் தகுதி எல்லை என்று ஒன்று இருக்கும்: குறிப்பிட்ட நிறுவனத்தில் வேலை, குறிப்பிட்ட ஊரில் வசிப்பு, குறிப்பிட்ட அமைப்பில் உறுப்பினர், ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவரின் உறவினர். இதில் ஏதாவது ஒன்று போதும். குடியுரிமை அந்தப் பட்டியலில் இல்லை. விசா, சோஷியல் செக்யூரிட்டி எண், முகவரிச் சான்று என எதெது கேட்பார்கள் என்பது சங்கத்துக்குச் சங்கம் மாறும். எச்1பி-யில் இருப்பவர்கள் ஏராளமாக உறுப்பினர்களாக இருக்கிறார்கள்.

உங்கள் கணவரின் அலுவலக மனிதவளப் பிரிவில் முதலில் கேட்கச் சொல்லுங்கள். பல தொழில்நுட்ப நிறுவனங்கள் ஏதாவது ஒரு கிரெடிட் யூனியனோடு இணைந்திருக்கும், ஊழியர்களுக்கே அது தெரியாது. உங்கள் பகுதியிலேயே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஊழியர்களால் தொடங்கப்பட்டு இன்று அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் கதவு திறந்திருக்கும் டெக்சான்ஸ் கிரெடிட் யூனியன் இருக்கிறது. தேசிய அளவில் பென்ஃபெட், அதாவது பென்டகன் ஃபெடரல், பெயரைப் பார்த்தால் ராணுவம் போலத் தெரியும். ஆனால் சில வருடங்களாக யார் வேண்டுமானாலும் சேரலாம், 5 டாலர் போட்டு ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கினால் போதும். சிகாகோவின் அலையன்ட், யுனைட்டெட் ஏர்லைன்ஸ் ஊழியர்களுக்காக 1935இல் தொடங்கியது. இப்போது ஒரு தொண்டு அமைப்பின் ஆதரவாளராகப் பதிவு செய்துகொண்டு எந்த மாநிலத்தவரும் சேர முடிகிறது. ஃபர்ஸ்ட் டெக், கலிஃபோர்னியாவின் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்தில் உறுப்பினரானால்கூடச் சேர்த்துக்கொள்கிறது.

நண்பர் சொன்ன 2.5% அலையன்டின் விசா கார்டாகத்தான் இருக்க வேண்டும். அதை விரிவாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் இந்த வகைக் கார்டுகளை எப்படி எடைபோடுவது என்பது அதிலேயே தெரிந்துவிடும். 2.5% என்பது ஒரு பில்லிங் சுற்றில் முதல் 10,000 டாலர் செலவுக்கு. உங்கள் செலவுக்கு அந்த வரம்பு பிரச்சினை இல்லை. ஆனால் நிபந்தனை உண்டு: அவர்களிடமே ஒரு செக்கிங் கணக்கு, அதாவது அன்றாட வரவு செலவுக்கான கணக்கு வைத்து, அதில் சராசரியாக 1,000 டாலர் இருப்பு இருக்க வேண்டும், மாதம் ஒருமுறையாவது மின்னணு முறையில் அதில் பணம் வந்து விழ வேண்டும். தவறினால் 1.5%தான். உங்கள் வருடச் செலவு 36,000 டாலர். 2.5 சதவீதத்தில் 900 டாலர், 2 சதவீதத்தில் 720, 1.5 சதவீதத்தில் 540. நிபந்தனையை ஒழுங்காகக் காப்பாற்றினால் சாதாரண 2% கார்டைவிட 180 டாலர் கூடுதல். அந்த 1,000 டாலரை 4% தரும் சேமிப்புக் கணக்கில் வைத்திருந்தால் 40 டாலர் வந்திருக்கும்; செக்கிங் கணக்கில் ஏறக்குறைய ஒன்றும் வராது. ஆக உண்மையான ஆதாயம் வருடத்துக்கு 140 டாலர் பக்கம். பாதி மாதங்கள் நிபந்தனை தவறினால் அதைவிடப் பெரிய தொகை கையைவிட்டுப் போகும். வகை ஆக்டிவேட் செய்ய மறந்துவிடுகிறோம் என்று நீங்களே எழுதியிருப்பதால் இதைச் சொல்கிறேன். சம்பளத்திலிருந்து ஒரு சிறு தொகை தானாக அந்தக் கணக்குக்குப் போகும்படி ஏற்பாடு செய்துவிட்டால் மறதிக்கு இடமில்லை. அதைச் செய்யத் தயார் என்றால் மட்டும் இந்தக் கார்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அலையன்ட் இல்லினாய் மாநிலப் பதிவு பெற்ற சங்கம். மேலே சொன்ன 18% உச்சவரம்பு கூட்டாட்சிப் பதிவு பெற்றவற்றுக்குத்தான். ஆகவே கிரெடிட் யூனியன் என்ற பெயரைப் பார்த்ததும் வட்டி குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. பெயரில் 'ஃபெடரல்' இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வரம்பு உண்டு.

பென்ஃபெட்டின் பவர் கேஷ் கார்டு இதைவிட எளிது. அடிப்படை 1.5%, ராணுவத் தொடர்போ, அவர்களின் குறிப்பிட்ட செக்கிங் கணக்கோ இருந்தால் 2%. ஆண்டுக் கட்டணம் இல்லை, வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணமும் இல்லை. கூட்டாட்சிப் பதிவு பெற்றது என்பதால் வட்டி 18 சதவீதத்தைத் தாண்டாது. உங்கள் நிலைமைக்கு எனக்கு அதிகம் பிடித்தது இதுதான்.

நியாயமாக வங்கிகள் பக்கமும் சொல்லிவிடுகிறேன். வெல்ஸ் ஃபார்கோவின் ஆக்டிவ் கேஷ், சிட்டியின் டபுள் கேஷ் இரண்டும் எந்த உறுப்பினர் சேர்க்கையும் செக்கிங் கணக்கும் கேட்காமல் 2% தருகின்றன. டபுள் கேஷில் வாங்கும்போது 1%, கட்டும்போது 1%. ஃபிடலிட்டி முதலீட்டு நிறுவனத்தில் கணக்கு இருந்தால் அவர்களின் விசா கார்டு 2 சதவீதத்தை நேராக அந்தக் கணக்கில் போடும். வங்கிகள் புது வாடிக்கையாளருக்கு 200 டாலர் போனஸ் தருவதும் சகஜம். அலையன்டின் ஒரு வருடக் கூடுதல் 180 டாலரைவிட அது அதிகம். பாக்கியே வைக்காத, ஊருக்கு அடிக்கடி போகாத குடும்பம் என்றால் வங்கியின் 2% கார்டை எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருங்கள் என்றுதான் நான் சொல்வேன். உங்களுக்கு அப்படிச் சொல்லாததற்கு இரண்டு காரணம்: ஒருமுறை பாக்கி விழுந்திருக்கிறது, மறுபடி விழுந்தாலும் வட்டிக்கு வரம்பு உள்ள இடத்தில் இருப்பது நல்லது. இரண்டாவது காரணம் ஊர்ப் பயணம்.

ஆக்டிவ் கேஷ், டபுள் கேஷ் இரண்டிலுமே வெளிநாட்டில் தேய்த்தால் 3% கட்டணம் உண்டு. ஊரில் 4,000 டாலருக்குப் புடவை, நகை, ஓட்டல் என்று செலவானால் 120 டாலர் கட்டணம் போய் 80 டாலர் கேஷ்பேக் வரும். செலவழித்ததற்கு நீங்களே 40 டாலர் கொடுத்த கணக்கு. கிரெடிட் யூனியன்களில் பல இந்தக் கட்டணம் வாங்குவதில்லை. சில 1% மட்டும் வாங்கும். எந்த வகை என்று விண்ணப்பத்துக்கு முன்பே கட்டண அட்டவணையில் பாருங்கள். ஒவ்வொரு கார்டுக்கும் வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் போட்டுக்காட்ட வேண்டும் என்பது சட்டம். விளம்பரப் பக்கத்தைப் படிக்க வேண்டாம், அந்த அட்டவணை போதும்.

தி.நகரில் பில் போடும்போது மெஷின் டாலரிலா ரூபாயிலா என்று கேட்டால் ரூபாய் என்றே அழுத்துங்கள். டாலர் என்று அழுத்தினால் அந்த மெஷின்காரர்கள் வைக்கும் மாற்று விகிதம் விழும். அது விசா, மாஸ்டர்கார்டு விகிதத்தைவிட மோசம். கார்டுக்கு 2% கூடுதல் கேட்கும் கடைகளும் உண்டு. அங்கே கேஷ்பேக்குக்கு அர்த்தமே இல்லை. அதைவிட முக்கியம்: கேஷ்பேக் வருமே என்று கிரெடிட் கார்டு மூலம் ஊருக்குப் பணம் அனுப்பாதீர்கள். பல நிறுவனங்கள் அதை ரொக்க முன்பணமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதற்குத் தனிக் கட்டணம், முதல் நாளிலிருந்தே வட்டி, கேஷ்பேக்கும் கிடையாது. மாதா மாதம் அப்பா அம்மாவுக்கு அனுப்புவதை இப்படிச் செய்து வட்டியில் சிக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். பணம் அனுப்ப வங்கிக் கணக்கைப் பயன்படுத்துங்கள்.

சிறிய சங்கத்தின் கார்டை மட்டும் நம்பிப் பயணம் போகவும் வேண்டாம். மோசடிச் சந்தேகத்தில் கார்டை நிறுத்திவிட்டால், இந்தியப் பகல் நேரத்தில் இங்கே இரவு. சில சங்கங்களில் அந்த நேரத்தில் முடிவெடுக்கக்கூடிய ஆள் போனில் கிடைப்பதில்லை. இன்னொரு கார்டு கைவசம் இருக்கட்டும்.

இனி, பலரும் கவனிக்காத இரண்டு விஷயங்கள். இவற்றை நான் வலியுறுத்தியே சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, கார்டில் கிரெடிட் யூனியனின் பெயர் இருந்தாலும் கடன் கொடுப்பவர் வேறு ஒருவராக இருக்கலாம். சிறிய, நடுத்தரச் சங்கங்கள் சில, சொந்தமாகக் கார்டு நடத்தும் சுமையை எடுத்துக்கொள்ளாமல் எலான் ஃபைனான்ஷியல் சர்வீசஸ் என்ற நிறுவனத்திடம் விட்டுவிடுகின்றன. எலான் யு.எஸ். பேங்க்கின் ஒரு பிரிவு. உங்கள் ஊர்ச் சங்கத்தின் பெயரும் சின்னமும் போட்ட கார்டில், கடன் கொடுப்பவர் பெரிய வங்கி. அப்போது 18% வரம்பு பொருந்தாது, பிரச்சினை வந்தால் சங்கக் கிளையில் தீர்க்கவும் முடியாது. இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: இணையப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில், இந்தக் கார்டை வழங்குபவர் யார் என்று ஒரு வரி இருக்கும். அதில் சங்கத்தின் பெயர் இல்லையென்றால், நீங்கள் தேடிப் போனது கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது, பிணை. கார்டு பாக்கிக்காக உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து ஒரு வங்கி தானாகப் பணம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கூட்டாட்சி விதி இருக்கிறது. ஆனால் நீங்களே எழுத்தில் சம்மதித்து அந்தக் கணக்கைப் பிணையாகக் கொடுத்திருந்தால் எடுக்கலாம். இந்தச் சம்மதத்தைக் கிரெடிட் யூனியன்கள் பல, கார்டு ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுகின்றன. கார் கடனும் அங்கேயே வாங்கியிருந்தால் இன்னொரு சிக்கல்: ஒரு கடனுக்கு வைத்த பொருள் மற்றக் கடன்களுக்கும் பிணை என்ற வாசகம் இருக்கலாம். காரின் கடைசித் தவணையைக் கட்டி முடித்த பிறகும், கார்டில் பாக்கி இருக்கிறது என்று டைட்டிலை, அதாவது உரிமைப் பத்திரத்தைத் தராமல் வைத்துக்கொள்ள அந்த வாசகம் இடம் கொடுக்கும். வேலை போனால் அறுபது நாள் கெடு ஓடும் எச்1பி குடும்பத்துக்கு, கையிலிருக்கும் சேமிப்பு திடீரென்று கடனுக்குப் போய்விடுவது சாதாரண விஷயமில்லை. அதனால் அவசரச் சேமிப்பை ஒரு நிறுவனத்திலும் கார்டை வேறொரு நிறுவனத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். கார்டு தரும் சங்கத்தில் நிபந்தனைக்குத் தேவையான அளவு இருந்தால் போதும்.

கேஷ்பேக் 'பணமா, பாயின்டா' என்பதையும் பாருங்கள். ஒரு டாலருக்கு 2 பாயின்ட் என்று எழுதியிருப்பார்கள்; பணமாக மாற்றும்போது ஒரு பாயின்ட் ஒரு சென்ட்டுக்கும் குறைவாக வரும் கார்டுகள் உண்டு. குறைந்தபட்சம் எவ்வளவு சேர்ந்தால் எடுக்கலாம், எத்தனை வருடத்தில் காலாவதியாகும் என்பதும் அங்கேயே இருக்கும். செலவு செய்து பெறும் கேஷ்பேக்குக்கு வருமான வரி இல்லை, அது விலைக் கழிவாகக் கருதப்படும். ஆனால் செக்கிங் கணக்கு திறந்ததற்காகத் தரும் போனஸ் வட்டி வருமானம் போல வரிக்கணக்கில் வரும். படிவம் வந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

விதிமுறைகள் மாறும் என்பதையும் மனதில் வையுங்கள். அலையன்ட் கார்டே ஒரு காலத்தில் முதல் வருடம் 3%, அப்புறம் 2.5%, ஆண்டுக் கட்டணம் 99 டாலர் என்று இருந்தது; இப்போது அமைப்பே வேறு. வருடத்துக்கு ஒருமுறையாவது விதிமுறை மாற்றம் பற்றி வரும் மின்னஞ்சலைத் திறந்து படியுங்கள்.

விண்ணப்பிக்கும் முறை. உறுப்பினராகச் சேரும்போது கிரெடிட் அறிக்கையைக் கடினமாகச் சோதிப்பார்களா, மேலோட்டமாகவா என்று போனில் கேளுங்கள். சேருவதற்கு ஒன்று, கார்டுக்கு ஒன்று என்று இரண்டு சோதனை வேண்டாம். கடினச் சோதனை அறிக்கையில் இரண்டு வருடம் நிற்கும், ஸ்கோரைத் தொடுவது பெரும்பாலும் முதல் வருடம்தான். அடுத்த சில மாதங்களில் வீட்டுக் கடனுக்குப் போகிற யோசனை இருந்தால் கார்டு விண்ணப்பங்களைத் தள்ளிப்போடுங்கள். மூன்று கிரெடிட் நிறுவனங்களின் அறிக்கையையும் வாரம் ஒருமுறை இலவசமாகப் பார்க்க ஆன்யுவல் கிரெடிட் ரிப்போர்ட் தளம் இருக்கிறது. பெயரின் முதலெழுத்து, அப்பா பெயர் குழப்பத்தில் நம் ஆட்களின் அறிக்கைகளில் பிழை அதிகம். முதலில் அதைச் சரிபார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் நிலையில் உள்ள பெண்கள் பலருக்கு இது தெரியவில்லை. எல்லாக் கார்டும் கணவர் பெயரில் இருக்கிறதா? அப்படியென்றால் இந்த நாட்டில் உங்களுக்கென்று கடன் வரலாறு எதுவும் சேரவில்லை. கணவரின் கார்டில் உங்களை அங்கீகரிக்கப்பட்ட பயனராகச் சேர்க்கச் சொல்லுங்கள். கிரெடிட் நிறுவனங்களுக்கு அதைத் தெரிவிப்பார்களா என்று கேட்டுக்கொண்டு சேருங்கள். அப்புறம் உங்கள் பெயரிலேயே ஒரு கார்டு. 21 வயது நிறைந்தவர்கள், தங்களுக்கு நியாயமாகக் கிடைக்கக்கூடிய குடும்ப வருமானத்தை விண்ணப்பத்தில் காட்டலாம் என்று 2013இல் சிஎஃப்பிபி விதியைத் திருத்தியது. வேலைக்குப் போகாத மனைவி கணவரின் சம்பளத்தைக் காட்டி விண்ணப்பிக்க இதுதான் வழி. சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாவிட்டாலும் ஐடின் என்ற வரி அடையாள எண்ணை ஏற்கும் கிரெடிட் யூனியன்கள் இருக்கின்றன. ஒரே குடும்பத்தில் கணவர் உறுப்பினரானதும் நீங்களும் உறவினராகச் சேர்ந்துவிட முடியும்.

கடைசியாகப் பழைய கார்டு. மூட வேண்டாம். ஆண்டுக் கட்டணம் இல்லாத கார்டு என்றால் அப்படியே வைத்திருங்கள். மூடினால் உங்கள் மொத்தக் கடன் வரம்பு குறையும், அதே செலவு அதிக விகிதமாகத் தெரிந்து ஸ்கோர் இறங்கும். பாக்கி முழுவதும் தீர்ந்து, அடுத்த ஸ்டேட்மென்டில் மிச்ச வட்டி என்று சில டாலர் வந்தால் அதையும் கட்டிவிட்டு, ஒரு சிறிய சந்தாவை மட்டும் அதில் போட்டு, முழுத்தொகையும் வங்கியிலிருந்து தானாகக் கட்டும்படி அமைத்துவிடுங்கள். அந்த மிச்ச வட்டியைக் கவனிக்காமல் விட்டுத் தாமதக் கட்டணம் கட்டுபவர்கள் உண்டு. பாக்கியை மாற்றிய பிறகு குறைந்தது இரண்டு ஸ்டேட்மென்டாவது திறந்து பாருங்கள்.